கட்டைவிரலால் சுடுகிறவன்

உங்கள் மேஜையில் மவுஸுக்கு அடியில் பேட் இல்லை, ஐயா. பழைய காலண்டர் அட்டையைப் போட்டிருக்கிறீர்கள். மணிக்கட்டு கெட்டுவிடும். கை விஷயத்தில் அலட்சியம் கூடாது.

வீரபாண்டியில் ஒரு பனியன் கம்பெனியில் நான் கட்டிங் சூப்பர்வைசர். ஞாயிற்றுக்கிழமை மதியம் வேலுமணியின் பிரவுசிங் சென்டரில் எல்லாக் கம்ப்யூட்டரையும் இணைத்துத் துப்பாக்கி விளையாட்டு விளையாடுவோம். என் மவுஸை வீட்டிலிருந்து பனியன் துணியில் சுற்றி எடுத்துப் போவேன். ஆண்பிள்ளை சுடுவதென்றால் மவுஸும் கீபோர்டும்தான். இரண்டு கையிலும் பிடித்துக் கட்டைவிரலால் திருகுகிற கன்ட்ரோலரில் சுடுவது பஜ்ஜி மாவு கரைப்பது மாதிரி. இதை அங்கே வாராவாரம் விளக்கியிருக்கிறேன். ஒருவரும் மறுத்ததில்லை. அவர்களில் பாதிப் பேர் என்னிடம் வேலை பார்ப்பவர்கள் என்பது தற்செயல்.

என் செக்‌ஷனில் முனீஸ் என்று ஒரு கட்டிங் மாஸ்டர், தூத்துக்குடிப் பக்கம். ஒரு ஞாயிறு பிளாஸ்டிக் பையிலிருந்து கன்ட்ரோலரை எடுத்து கம்ப்யூட்டரில் சொருகினான்.

"அது கொழந்தைங்க சாமான் கண்ணு, மவுஸை எடு" என்றேன்.

"இருக்கட்டும்ணே. நீங்க மொதல்ல எங்கனயாவது ஒளிஞ்சிக்கிடுங்க."

ஒளிந்தேன், தேடி வந்து சுட்டான். ஒளியாமல் நின்று பார்த்தேன், அதற்கும் சுட்டான். வேலுமணி கல்லாவிலிருந்து எட்டிப் பார்த்து, "ஏனுங்க, மவுஸ் பந்துல அழுக்குங்களா?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். என் செக்‌ஷன் ஆட்களும் சிரித்தார்கள். இனி திங்கட்கிழமை இவர்களை நான் எப்படி வேலை வாங்குவது?

கட்டிங்கில் வலது கை மெஷினைத் தள்ளும், இடது கை துணி அடுக்கை அமுக்கும். பிளேடு இடது கைக்கு ஓரமாகவே ஓடும். அதற்காக இரும்பு வளையத்தில் பின்னிய கையுறை உண்டு. சரக்கு வாங்கும் வெளிநாட்டு பையர் வரும் நாளில் எல்லோரும் மாட்டிக்கொள்வார்கள். அவர் கார் கேட்டைத் தாண்டியதும் பீரோவில் வைத்துப் பூட்டிவிடுவேன். வேலை ஓடாது என்று மற்றவர்கள் அதைக் கேட்பதில்லை. தினமும் கேட்டு வாங்குகிறவன் முனீஸ் ஒருவன்தான்.

"கட்டவெரலு போச்சுன்னா ஞாயித்துக்கெழம எதை வச்சுண்ணே வெளாட?" என்பான். ஒரு விரல்மேல் மனிதனுக்கு அவ்வளவு அகங்காரம் ஆகாது.

அந்தத் திங்கட்கிழமையும் கேட்டான்.

"சாவி மொதலாளி ஊட்ல இருக்குது கண்ணு" என்றேன். சாவி என் சட்டைப் பையில் இருந்தது.

"அப்ப நாளைக்கு வெட்டுதேன்ணே."

"சரக்கு இன்னைக்குப் போவோணும். முடியலீன்னா வேற கம்பெனி பாத்துக்க."

அவன் மனைவி அபிராமி நிறைமாதம். வேலையை விட மாட்டான் என்று தெரியும். மெஷினில் பிளேடுக்கு முன்னால் விரலைத் தடுக்கும் தகடு ஒன்று இருக்கும். அதைத் துடைத்து வைக்கலாமே என்று காலையிலேயே கழற்றியிருந்தேன். சுத்தத்தில் நான் கொஞ்சம் கறார்.

மதியச் சாப்பாட்டுக்குள் முடிந்துவிட்டது. வெள்ளைத் துணி வேறு. அடுக்கு முழுக்க வேஸ்ட். அதற்காக முதலாளியிடம் மன்னிப்புக் கேட்டேன்.

ஆமாம், நான்தான் செய்தேன். தெரிந்தே செய்தேன். ஆனால் யோசித்துச் செய்தேன். கீபோர்டில் இடது கட்டைவிரலுக்கு உள்ள ஒரே வேலை ஸ்பேஸ் பாரைத் தட்டிக் குதிப்பது. கன்ட்ரோலரிலோ அது இல்லாமல் நடக்கவே முடியாது. ஒருவனை நல்ல வழிக்குக் கொண்டுவர இதைவிடச் சிக்கனமான முறை இருந்தால் நீங்களே சொல்லுங்கள்.

காயம் ஆறியதும் சென்டருக்கு வந்தான். என் மவுஸையே அவனுக்குக் கொடுத்தேன். ஒரு தடவைகூடக் குதிக்காமல் என்னைச் சுட்டான், திரும்பத் திரும்ப. என் கொள்கை ஜெயித்தது. எனக்கு அன்றைக்கு நாற்காலி உயரம்தான் ஒத்துவரவில்லை.

பொறாமையில் செய்தேன் என்று அபிராமி உங்கள் ஸ்டேஷனில் புகார் எழுதிக் கொடுத்திருக்கிறாள். பொறாமைக்காரனாக இருந்தால், பேக்கிங்குக்கு மாற்றிய முனீஸை மறுபடியும் என்னிடமே கட்டிங்குக்குக் கொடுங்கள் என்று முதலாளியிடம் போய்க் கேட்டிருப்பேனா? மவுஸ் பிடிக்கிற அந்த வலது கை இன்னும் முழுசாக இருக்கிறதே, ஐயா.