எந்தப் பக்கம் நடந்தாள்?

விடியற்காலை ஐந்து மணி. ஊருக்கு வெளியே, விளக்கோ நடைபாதையோ இல்லாத சாலை... இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். இது என் நண்பனின் சித்தப்பாவுக்கு நடந்தது.

அவர் போலீஸ் ஸ்டேஷனில் ரைட்டர். அதற்கு ஒரு மாதம் முன்பு, அதே சாலையில், நூல் மில்லில் இரவு வேலை முடிந்து நடந்து வந்த பெண்ணை ஒரு கார் அடித்துப் போட்டது. நடைபாதை இல்லாவிட்டால் வலது ஓரமாக, எதிரே வரும் வண்டியைப் பார்த்தபடி நடக்க வேண்டும். அதுதான் சட்டம். அவள் அப்படித்தான் நடந்தாள். கார்தான் சாலையைவிட்டு இறங்கி அவள்மேல் ஏறியது. ஆனால் காருக்குச் சொந்தக்காரர் பெரிய இடம். சித்தப்பா எழுதினார்: ‘இறந்தவர் இடதுபக்கம், வண்டிக்கு முதுகு காட்டி, கவனமின்றி நடந்தார்.’

நியாயம் கேட்டு ஸ்டேஷனுக்கு வந்த அவள் புருஷனைக் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளினார்கள். சொல்லும்போதே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

அன்று விடியற்காலை, அந்தச் சாலையில் சித்தப்பாவின் பைக் நின்றுபோனது. அதை ஓரங்கட்டிவிட்டு நடந்தார். இடதுபக்கமாக.

சரக்... சரக்... பின்னால் ஒற்றைச் செருப்பு தேயும் சத்தம். பஞ்சுத்தூசியும் மெஷின் எண்ணெயும் கலந்த வாசனை. திரும்பினார். யாருமில்லை.

பிடரிக்குப் பக்கத்தில் ஒரு குரல். “வலது பக்கம் போங்க சார்.”

அலறியடித்துச் சாலையைக் கடந்தார். அதே நொடி, விளக்குப் போடாத லாரி ஒன்று அவர் நடந்த ஓரத்தை உரசிக்கொண்டு போனது.

“எனக்குச் சட்டம் தெரியும் சார். உங்களுக்கும் தெரியும். அப்புறம் ஏன் அப்படி எழுதுனீங்க?”

சித்தப்பா நடையை எட்டிப் போட்டார். மூன்று கிலோமீட்டர்... பத்தடிக்கு ஒருமுறை அதே கேள்வி. ஒவ்வொரு தடவையும் குரலில் கோபம் ஏறிக்கொண்டே வந்தது.

வீட்டுக்குப் போகவில்லை. நேராக ஸ்டேஷன். அந்த விபத்தை நடந்தது நடந்தபடி எழுதி இன்ஸ்பெக்டர் மேஜையில் வைத்தார். வேலை போனது. கார் ஓட்டியவன் ஜெயிலுக்குப் போனான். அந்தப் புருஷன் மட்டும் சித்தப்பாவின் முகத்தில் இன்றுவரை விழிப்பதில்லை.

இப்போதும் அவர் அந்தச் சாலையில் வலது ஓரமாகத்தான் நடக்கிறார். போன மாதம் எதிரே வந்த வேன்காரன் வண்டியை நிறுத்தித் திட்டினான்.

“ஏன்யா, கைக்குழந்தையோட வர்ற பொம்பளைய வண்டி போற பக்கம் விட்டுட்டு நீ ஓரமா நடக்கறியே, வெக்கமா இல்ல?”

சித்தப்பா பக்கத்தில் பார்த்தார். யாருமில்லை.

அந்தச் சாவை அவர் இரண்டு முறை எழுதியிருக்கிறார். இரண்டிலும்... அவள் வயிற்றில் இருந்த குழந்தையைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது.