வயிற்று வலி என்று எழுதாதீர்கள்

என் தங்கை தபீதாளுக்குக் கல்லைத் தின்றாலும் செரிக்கிற வயிறு. கிறிஸ்துமஸுக்குச் சுட்ட முறுக்கை ஈஸ்டர் வரை டப்பாவில் வைத்திருந்து தின்பாள், ஒன்றும் செய்யாது. அதனால்தான் சொல்கிறேன், இன்ஸ்பெக்டர் ஐயா, ஏட்டு தெலுங்கில் எழுதிப் படித்துக் காட்டிய அந்தக் 'கடுபு நொப்பி'யை அடித்துவிடுங்கள். கிணற்றில் விழும் பெண்களுக்கெல்லாம் வயிற்று வலி என்று எழுதுவது உங்கள் வழக்கம். குடும்ப மானத்தைக் காப்பாற்றத்தான் அப்படிச் செய்கிறீர்கள், தெரியும். ஆனால் அவளுக்கு வலித்தது வயிறு இல்லை. வலித்தது எது என்று இந்தச் சித்தூரில் எனக்கு மட்டும்தான் தெரியும்.

நான் பதினெட்டு வருஷமாக ஒரே டாக்டரிடம் கம்பவுண்டர். அம்மா இறந்தபோது தபீதாளுக்குப் பதினாறு வயது. ஆறு மாதம் யாரோடும் பேசாமல் படுத்தே கிடந்தாள். மாலையில் என் சைக்கிள் சத்தம் கேட்டால் மட்டும் எழுந்து வருவாள். என் தோளில் தலையைச் சாய்த்துக்கொண்டு, "உன்னை உட்டா எனக்கு யார் கீறாங்க ண்ணா?" என்பாள். பிறகு தேறிவிட்டாள். டீச்சர் வேலை, சிநேகிதிகள், பாடகர் குழு என்று வீடே கலகலப்பானது. தேறியதில் எனக்குச் சந்தோஷம் என்றுதான் எல்லோரிடமும் சொன்னேன்.

இனி ஒரு மாத்திரையைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் டாக்டர் ரத்தக் கொதிப்புக்கு, சர்ப்பகந்தி வேரிலிருந்து எடுத்த ஒரு மாத்திரை கொடுப்பார். தாலுகா ஆபீஸ் கங்கையா அதைச் சாப்பிட்டு வந்தார். வாயைத் திறந்தால் வேடிக்கையாகப் பேசுகிற மனிதர், மூன்றே மாதத்தில் எங்கள் பெஞ்சில் உட்கார்ந்து காரணமில்லாமல் அழுதார். டாக்டர் மாத்திரையை நிறுத்தினார். அடுத்த மாதம் பழைய கங்கையா திரும்பி வந்தார்.

"மூளையில ஒரு நரம்பு அடுத்த நரம்புக்கு சேதி சொல்ல ஒரு சத்து இருக்குது, கிருபானந்தம்," என்றார் டாக்டர். "சில பேருக்கு இந்த மாத்திரை அதை வடிச்சிடுது. பெட்டி நெறைய தீக்குச்சி இருந்தும் உரசுற பக்கம் நமுத்துப்போனா எப்படிப் பத்தும்?"

அவர் அதைப் படித்த இங்கிலீஷ் பத்திரிகையிலேயே ஒரு எலியைப் பற்றியும் இருந்தது. அதன் மூளைக்குள் மெல்லிய கம்பி வைத்திருந்தார்கள். ஒரு கட்டையை அழுத்தினால் கம்பி வழியே துளி மின்சாரம், அதில் ஏதோ இன்பம். இரையைக்கூட மறந்து அது அழுத்திக்கொண்டே இருந்ததாம். குடிகாரர்களும் இப்படித்தான் என்றார் டாக்டர். எனக்கு அந்த எலியின் மேல் பரிதாபமாக இருந்தது.

போன வருஷம், அறுபத்தெட்டில், சுந்தர்ராஜ் பெண் கேட்டு வந்தார். திருப்பதி ரயில்வேயில் வேலை. குறை சொல்ல முடியாத மனிதர். தபீதாள் அன்றைக்கே சரி என்றாள். யோசிக்க ஒரு நாள்கூடக் கேட்கவில்லை.

அந்த வாரம் அவளிடம் ஒரு மாத்திரையைக் கொடுத்து, உடம்பில் ரத்தம் ஊறும் என்றேன். தினமும் குடும்ப ஜெபம் முடிந்ததும் நானே கையில் வைப்பேன். "நீ குடுத்தா வெசம்னாலும் துன்னுவேன் ண்ணா," என்று சிரித்தாள். நானும் சிரித்தேன். கல்யாணத்தைக் கெடுக்கும் எண்ணம் எனக்கு இல்லை. போவதற்கு முன் கொஞ்ச நாள் பழையபடி இருக்கட்டும் என்று நினைத்தேன், அவ்வளவுதான்.

இரண்டு மாதத்தில் பாட்டு நின்றது. பிறகு தலை வாருவது நின்றது. ஒரு மாலை என் சைக்கிள் சத்தத்துக்கு எழுந்து வந்து தோளில் சாய்ந்தாள். என் கண் நிறைந்துவிட்டது.

எங்கள் சபையில் கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு ஓலை வாசிப்பார்கள். இன்னாருக்கும் இன்னாருக்கும் விவாகம், ஆட்சேபணை இருந்தால் சொல்லலாம் என்று போதகர் கேட்பார். அந்த ஞாயிறுகளில் பெண் ஆலயத்துக்கு வருவதில்லை. மூன்றாவது ஞாயிறு தபீதாள் வந்தாள். போதகர் கேட்டதும் பெண்கள் பக்கத்துக் கடைசி வரிசையில் எழுந்து நின்றாள்.

"எனக்கே ஆட்சேபணை இருக்குது ஐயா. எனக்குள்ள ஒண்ணுமே இல்ல. என்னைக் கட்டிக்கினு அவரு இன்னா பண்ணுவாரு?"

மறைவான பாவம் ஏதோ அவளை அழுத்துகிறது என்று சபையார் முடிவு செய்தார்கள். எங்கள் வீட்டில் உபவாச ஜெபம் வைத்தார்கள். போதகர் மனைவி ஞானம்மாள் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "மனசுல இருக்கிறதைச் சொல்லிடும்மா, விடுதலை கிடைக்கும்," என்றார். தபீதாள் வெகுநேரம் தேடினாள். கடைசியில், பள்ளிக்கூடத்திலிருந்து இரண்டு சாக்பீஸ் எடுத்து வந்ததைச் சொல்லித் தேம்பினாள். எல்லோரும் ஆமென் என்றார்கள். என் ஆமென்தான் உரக்கக் கேட்டது.

நான் கல்நெஞ்சன் இல்லை. இரண்டு முறை மாத்திரையை நிறுத்தினேன். முதல் முறை மூன்று வாரத்தில் அவள் தானாக எழுந்து தலைக்குக் குளித்தாள். இரண்டாம் முறை இன்னும் நன்றாகத் தேறினாள். சுந்தர்ராஜ், "எத்தனை வருஷமானாலும் காத்திருக்கிறேன், டீச்சர்," என்று எழுதியிருந்தார். கடிதத்தை இரண்டு தரம் படித்துவிட்டுச் சிரித்தாள். நான் உள்ளே வந்ததைக்கூட அவள் கவனிக்கவில்லை.

அன்று ஜெபம் முடிந்ததும் மறுபடி கொடுத்தேன். இந்த முறை ஒன்றுக்கு இரண்டாக. கையை நீட்டி வாங்கிக்கொண்டாள்.

அது இந்த வருஷம் ஜூன் மாதம். இந்தச் செவ்வாய்க்கிழமை காலையில் மிஷன் காம்பவுண்டுக் கிணற்றில் அவளைப் பார்த்தார்கள். "தங்கச்சி மருந்து ஏதாவது சாப்பிட்டுக்கினு இருந்ததா?" என்று டாக்டர் கேட்டார். இல்லை என்றேன். உங்களிடமும் முதலில் அதையே சொன்னேன். அது பொய். மாத்திரை டப்பா என் பெட்டியில், வேட்டிகளுக்கு அடியில் இருக்கிறது. தபீதாளைக் கிணற்றுக்கு அனுப்பியது நான்தான். இதைத் தெலுங்கில் எப்படி எழுத வேண்டுமோ அப்படி எழுதுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

இன்னொன்று. அவள் என் பைபிளுக்குள் ஒரு துண்டுக் காகிதம் வைத்துவிட்டுப் போயிருக்கிறாள். இதுவரை யாருக்கும் காட்டவில்லை. "அண்ணா, இனி உனக்குப் பாரமாக இருக்க மாட்டேன். நீ வேளைக்குச் சாப்பிடு." அவ்வளவுதான் எழுதியிருக்கிறாள். பின்பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டேன். சுந்தர்ராஜ் பேர் எங்கேயும் இல்லை. அதையும் மறக்காமல் எழுதிக்கொள்ளுங்கள், ஐயா.