தன் குரலைக் கேட்ட சூப்பர்வைசர்

ஸ்கூடாய் ஊருக்குப் போகும் பேருந்தில் எனக்கு முன் இருக்கையில் ஒரே தொழிற்சாலையின் சட்டை அணிந்த இருவர் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் சூப்பர்வைசர், மற்றவர் அவருக்குக் கீழே வேலை செய்பவர். நெரிசலில் பேருந்து நகரவில்லை. சூப்பர்வைசர் திடீரென்று சொன்னார்:

“நேத்து என் குரலைக் கேட்டு நானே பயந்துட்டேன்லா, குமார்.”

“ஏண்ணே?”

“லீடர்ஷிப் கோர்ஸ்ல, நம்ம பேசுறதை நம்மளே கேட்டுப் பார்க்கச் சொன்னாங்க. காலை மீட்டிங்கை ஃபோன்ல பதிவு பண்ணி வீட்டுல போட்டேன். அடுப்படியில இருந்து என் வீட்டுக்காரி ஓடி வந்து, ‘சாரிங்க, இனிமே செய்ய மாட்டேன்’னு சொல்றா.”

“அக்கா என்ன செஞ்சாங்க?”

“ஒண்ணும் செய்யல. கேட்டா, ‘தெரியல, நீங்க ஏசுனீங்களே’ங்கிறா.”

குமார் சிரிக்கவில்லை. “அந்த மீட்டிங்ல நானும் இருந்தேன். எதுக்கு ஏசுனீங்கண்ணே?”

“அதைத்தான் மூணு தடவை போட்டுக் கேட்டேன். எனக்கே தெரியல. ரெண்டு பேரு வேலையை விட்டுப் போனது ஏன்னு இப்பத்தான் புரியுது.”

பேருந்து கொஞ்சம் நகர்ந்து மறுபடி நின்றது.

“நாளைக்கு எல்லார்கிட்டயும் மன்னிப்புக் கேக்கப் போறேன்” என்றார் சூப்பர்வைசர்.

குமார் அவர் பக்கம் திரும்பினார்.

“மெதுவா கேளுங்கண்ணே. பயந்துடுவாங்க.”