மொதப் பேர்ல நின்ன பெட்டி

வேகமாத்தான் இருக்கு சார், யாரு இல்லன்னு சொன்னா? ரெண்டாவது பெட்டியப் பொறவு மாட்டலாம், உக்காருங்க.

எங்க ஆபீஸ்லேருந்து கப்பல் வேலைக்குப் போற ஆளுக பேரு, விலாசமெல்லாம் இந்த டிஸ்க்லதான் கெடக்கு. முன்னால எஸ்றா சார் எழுதுன புரோகிராம்தான் தேடும். எல்லாப் பேரையும் கம்ப்யூட்டருக்குள்ள இழுத்து ஒண்ணொண்ணாப் பாக்கும். லேட்டுதான். ஆனா ஒரே பேர்ல ரெண்டு ஆளு இருந்தா, அப்பன் பேரையும் பாத்துட்டுத்தான் சொல்லும். எமர்ஜென்சி முடிஞ்ச வருசம் ஒங்க கம்பெனி வந்து, தேடுத வேலைய டிஸ்க் பக்கத்துலயே இந்தப் பெட்டி பாத்துக்கிடும், புரோகிராமே வேண்டாம்னாவளாம். இது மொதப் பேரு கெடச்ச ஒடனே நின்னுரும். அப்பன் பேரையும் பாக்க வைங்கன்னு எஸ்றா சார் கெஞ்சிருக்காரு. வயரெல்லாம் ஈயம் வச்சிப் பத்தவச்சாச்சி, இனி மாத்த முடியாதுன்னு சொன்னது நீங்கதான சார்?

மணப்பாட்டுல மரியசெல்வின்னு ஒருத்தி, எங்க சொந்தம். மாப்பிள்ள பேரு மனுவேல் பர்னாந்து. அவருக்குச் சித்தப்பா மவன் பேரும் மனுவேல் பர்னாந்துதான். தாத்தா பேர ரெண்டு பேருக்கும் வச்சிட்டாவ. ரெண்டு பேரும் வேற வேற கப்பல்ல. வடம் அறுந்து அடிச்சி மனுவேல் பர்னாந்து செத்துட்டாருன்னு கப்பல்லேருந்து சேதி வந்துது. கப்பல் பேரு, அப்பன் பேரு எல்லாம் அதுல இருந்துச்சி. யாரு பாத்தா? பெட்டி காட்டுன விலாசத்துக்குத் தந்தி போயிட்டு.

மரியசெல்வி மண்ணுல உருண்டா. கோயில்ல பூசை வச்சாவ. சொந்தக்காரி ஒருத்தி வீடு வாசல விட்டுட்டு அவகூடவே கெடந்து சோறு ஊட்டுனா.

ஒருநா மத்தியானம் பஸ்ஸ விட்டு எறங்கி, டிரங்குப் பெட்டியோட வாசல்ல வந்து நிக்காரு அவ மாப்பிள்ள. ஊரே ஓடி வந்துது. கூட இருந்தவளும் சந்தோசத்துல அழுதா.

தப்பாப் போன தந்திதான, ஆளுதான் வந்துட்டாரேன்னா கேக்கீய? ஒங்க மேனேசரும் அதத்தான் சொன்னாரு. விலாசந்தான் சார் தப்பு. சேதி பொய்யில்லயே.

செத்தவரு பொஞ்சாதிக்கு ஆபீஸ்ல வேலை போட்டுக் குடுத்துட்டாவ. ஒங்க பெட்டியப் பாத்துக்கிடுத வேலை.

மரியசெல்வி தலைய மடியில வச்சிக்கிட்டு நான் சொன்னேன் சார், அழாதக்கா, எங்க வீட்டுக்காரரு வந்துருவாரு, ஒனக்கு எல்லாம் அவரு பாத்துக்கிடுவாருன்னு. அதுக்கு முன்னாலயே அவரு ஒடம்பக் கடல்ல எறக்கிட்டாவளாம்.