பேசிலின் இஞ்சித் தண்ணீர்

"உனக்கு என்னதான் வேணும், மேரி? வாயைத் திறந்து ஒண்ணே ஒண்ணு கேளேன்."

"சோறு ஆறுது. முதல்ல சாப்பிடுங்க."

ஈஸ்டர் அன்று மதியம், பண்டமாரானில் எங்கள் வீட்டில் நானும் என் கணவர் பேசிலும் பேசிக்கொண்டது இவ்வளவுதான், டாக்டர். அவர் சிரித்துக்கொண்டேதான் கேட்டார். மேசைக்கு அடியில் அவருடைய இடது கால் ஆடிக்கொண்டே இருந்தது. வெளியே கண்டெய்னர் லோரி போகும்போதெல்லாம் தட்டுகளும் சேர்ந்து ஆடின. கேட்பதற்கு என்னிடம் ஒன்று இருந்தது. கல்யாணமான புதிதிலிருந்தே இருந்தது. ஆனால் சாப்பிடும் நேரத்தில் கேட்கிற விஷயமாக அது எனக்குத் தோன்றவில்லை.

நீங்கள் பிளாஸ்க்கைப் பற்றிக் கேட்டீர்கள். அதில் இருப்பது இஞ்சித் தண்ணீர். முற்றிய இஞ்சியைத் தட்டி, மஞ்சளும் மிளகும் பனைவெல்லமும் போட்டு, பாதியாக வற்றும் வரை கொதிக்க வைப்பேன். அவருடைய முழங்காலுக்கு நல்லது. மீதியையும் சொல்கிறேன். மறைப்பதற்கு ஒன்றும் இல்லை.

உங்கள் வயதுக்குப் பேசிலின் ஆட்டம் தெரிந்திருக்காது. மாநிலக் கால்பந்துக் குழுவில் இடது ஓரத்தில் ஓடுவார். பந்து அவர் காலுக்கு வந்தால் திடலே எழுந்து நிற்கும் என்பார்கள். நான் பார்த்ததில்லை; வீட்டில் பிள்ளையோடு இருந்தேன். குவாந்தானில் ஒரு குழு கூப்பிட்டது, பிறகு பினாங்கில் ஒன்று. "முதல்ல நான் போறேன். வீடு கிடைச்சதும் உன்னைக் கூப்பிடுறேன்," என்பார். இரண்டு ஊரிலும் வீடு கிடைத்தது. அந்த வீடுகளில் யார் சமைத்தார்கள் என்று நான் விசாரித்ததில்லை.

முழங்கால் போன பிறகுதான் வீட்டுக்கு வந்தார். சத்தம் இல்லாமல் தூக்கம் வரவில்லை என்றார். கூட்டத்தின் சத்தம். அதற்காகக் குடித்தார். வாங்கிக் கொடுக்க ஆட்கள் இருந்தார்கள்.

"பாஸ், இடது காலுக்கு ஒண்ணு, வலது காலுக்கு ஒண்ணு," என்று பீரும் விற்கிற காப்பிக்கடையில் அவருடைய கூட்டாளி தம்புசாமி கிளாசை நீட்டுவார்.

"வலது காலுக்கு எதுக்குலா? அது பஸ் ஏற மட்டும்தான்," என்பார் பேசில். கடையே சிரிக்கும்.

வீட்டுக்கு வந்ததும் சுவரைப் பார்த்துப் படுத்துவிடுவார். சில சமயம் வாரக்கணக்கில். குளிக்க மாட்டார், பேச மாட்டார். செத்துப் போனால் நன்றாக இருக்கும் என்று ஒரு முறை சொன்னார். நான் கஞ்சி ஊட்டினேன், நகம் வெட்டிவிட்டேன், தலையை மடியில் வைத்துக்கொண்டேன். "மேரி, மேரி" என்று என் கைலியின் நுனியைப் பிடித்துக்கொண்டே தூங்குவார். அக்கம்பக்கத்தில் எல்லாரும் என்னைப் பார்த்துப் பரிதாபப்பட்டார்கள். எங்கள் கல்யாண வாழ்க்கையில் நல்ல வருடங்கள் எவை என்று கேட்டால், நான் அவற்றைத்தான் சொல்வேன்.

இந்த வருடமும் தவக்காலத்துக்குக் குடியை விட்டார். ஒவ்வொரு வருடமும் விடுவார். ஈஸ்டர் பூசை முடிந்து வந்ததும் நான் ஒரு கிளாஸ் ஊற்றி வைப்பேன், அதோடு சரி. இந்த முறை நான் பாட்டிலைத் திறப்பதற்குள் கிளாசை எடுத்து மேசைமேல் கவிழ்த்து வைத்தார். நீங்கள் கொடுத்த மாத்திரை வேலை செய்கிறது என்றார். பிரிக்பீல்ட்ஸில் குடியை விட்டவர்கள் கூடும் இடம் ஒன்று இருக்கிறதாம். கிள்ளானில் ரயில் ஏறிப் போய்வந்தார். விடிந்ததும் நடக்கப் போனார். சாக்கடையைக் கழுவினார், வாசல் கேட்டுக்குச் சாயம் பூசினார். ஓர் இடத்தில் உட்காரவில்லை. அந்த வாசல் கேட்டு திறக்கிற சத்தம் வந்தால் நானும் எழுந்துவிடுவேன். அவர் திரும்பி வந்து செருப்பைக் கழற்றும் வரை நானும் உட்காரவில்லை. துடைத்த அடுப்பையே மறுபடி துடைத்துக்கொண்டிருப்பேன்.

பிறகு கடலுக்கு அந்தப் பக்கம் கூச்சிங்கிலிருந்து அழைப்பு வந்தது. பிள்ளைகளுக்குப் பந்து பழக்கும் வேலை. "முதல்ல நான் போறேன், மேரி. வீடு கிடைச்சதும் உன்னைக் கூப்பிடுறேன்," என்றார். சந்தோஷத்தில் அவருக்குக் கண் கலங்கிவிட்டது. போகாதீர்கள் என்று நான் சொல்லவில்லை. அதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும். நான் அவரை ஒரு முறைகூடத் தடுக்கவில்லை.

அந்த நேரம் எங்கள் மகள் ஷார்மைன் பிள்ளை பெற்று எங்கள் வீட்டில் இருந்தாள். பிள்ளை பெற்றவளுக்கு நல்லெண்ணெயில் கோழியை வதக்கி, இஞ்சி போட்டு, பிராந்தி ஊற்றிச் சமைப்போம். உங்கள் வீட்டிலும் செய்திருப்பார்கள். அதனால் அடுப்படியில் பிராந்தி இருந்தது. அவருடைய இஞ்சித் தண்ணீரில் முதலில் ஒரு தேக்கரண்டிதான். குடியை ஒரேயடியாக விட்டால் உடம்பு தாங்காது என்று கேள்விப்பட்டிருந்தேன். பேசிலுக்கு வாசனை தெரியாது. ஆட்டத்தில் எவனோ முழங்கையால் இடித்து மூக்கு உடைந்ததிலிருந்தே அப்படித்தான். நாக்கை இஞ்சியும் மிளகும் பார்த்துக்கொண்டன. போகப் போகக் கூட்டினேன்.

ஒரு நாள் காலை, பேரனைத் தோளில் போட்டுக்கொண்டு அவர் வரவேற்பறையில் நடந்துகொண்டிருந்தார். ஷார்மைன் பக்கத்தில் போனாள்.

"டாடி, பிள்ளையைக் குடுங்க."

"இப்பத்தானேம்மா கண்ணை மூடினான்."

"குடுங்க டாடி. உங்க வாயில வாடை அடிக்குது. பிராந்தி பாட்டில் ஏன் இவ்வளவு சீக்கிரம் குறையுதுன்னு இப்பத்தான் தெரியுது."

"ஒரு சொட்டு தொடலம்மா. உன் தாத்தா கல்லறை மேல சத்தியம்."

"போன தடவையும் தாத்தா கல்லறைதான். அவரையாவது நிம்மதியாப் படுக்க விடுங்க."

நான் அடுப்படியில் இருந்தேன். எல்லாம் கேட்டது. கோழி அடிப்பிடிக்கிற பதத்தில் இருந்ததால் என்னால் வர முடியவில்லை. அன்று சாயங்காலமே மாப்பிள்ளை வந்து அவளையும் பிள்ளையையும் மேருவில் இருக்கும் தங்கள் வீட்டுக்கு அழைத்துப் போய்விட்டார்.

அதற்குப் பிறகு பேசில் உள்ளங்கையில் ஊதி ஊதி முகர்ந்து பார்த்துக்கொண்டே இருந்தார். அவருக்கு என்ன தெரியும்? தலை லேசாகச் சுற்றுகிறது என்பார். பழைய மிதப்பு போல இருக்கிறது என்பார். தான் எங்கேயோ பாட்டிலை ஒளித்து வைத்திருக்க வேண்டும் என்று அலமாரியெல்லாம் தேடினார், மெத்தையைப் புரட்டினார். கடைசியில் என் எதிரில் வந்து உட்கார்ந்தார். அந்தக் கால் அப்போதும் ஆடியது.

"மேரி, எனக்கே தெரியாம நான் குடிக்கிறேனா? மூளை கலங்கிப் போச்சா?"

"இருக்கலாங்க," என்றேன். "அதுக்குத்தான் நான் இருக்கேன்ல."

என் மடியில் தலை வைத்துக்கொண்டார். பிறகு அவரே கூச்சிங்குக்குப் போன் செய்து, தன்னை நம்பிப் பிள்ளைகளை ஒப்படைக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அப்படிச் சொல்லுங்கள் என்று நான் சொல்லவில்லை.

அதோடு எல்லாம் சரியாகிவிட்டது என்றுதான் நினைத்தேன். ஆனால் மறுநாள் நான் காய்கறி வாங்கப் பாசாருக்குப் போய்த் திரும்புவதற்குள், துண்டையும் பல் பிரஷ்ஷையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு அவரே இங்கே உங்கள் ஆஸ்பத்திரிக்கு வந்துவிட்டார். தன்னைக் கட்டிப் போடச் சொல்லி உங்களிடம் கெஞ்சினாராமே. அதில் எனக்கு வருத்தம்தான். வீட்டில் நான் ஒருத்தி இருக்கும்போது.

வார்டுக்கு வந்த பிறகு அவர் ரத்தம் சுத்தமாக இருந்தது என்கிறீர்கள். ஞாயிற்றுக்கிழமை நான் பிளாஸ்க்கோடு வந்து போன பிறகு மறுபடியும் மது இருந்தது என்கிறீர்கள். கெட்டிக்காரப் பிள்ளை நீங்கள். ஆமாம், ஊற்றினேன். அன்று நான் வரும்போது அவர் கால் ஆடாமல் இருந்தது. பக்கத்துக் கட்டில்காரரிடம் ஏதோ பழைய ஆட்டத்தைச் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தார். நான் வந்ததைக் கவனிக்கவில்லை. சிறிது நேரம் நின்று பார்த்தேன். பிறகு பிளாஸ்க் மூடியைத் திருகி, சூடாக ஊற்றிக் கையில் கொடுத்தேன். நன்றி சொல்லிவிட்டுக் குடித்தார்.

இதோ, இந்தக் கண்ணாடி வழியே தெரிகிறார். தாழ்வாரத்து நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். அவரை உள்ளே அழைத்து எல்லாவற்றையும் சொல்லப் போகிறீர்கள். உங்கள் மூளைக்கு ஒன்றும் ஆகவில்லை, நீங்கள் பொய் சொல்லவில்லை, கூச்சிங்குக்கு இப்போதும் போகலாம் என்பீர்கள். உங்கள் வேலை அது, எனக்குப் புரிகிறது. ஆனால் ஈஸ்டர் அன்று அவர் கேட்டபோது நான் சொல்லாமல் விட்டதை உங்களிடம் சொல்லிவிடுகிறேன். எனக்கென்று நான் இதுவரை யாரிடமும் எதுவும் கேட்டதில்லை, டாக்டர்.

அவர்கிட்ட சொல்லாதீங்க. மூளை கலங்கினதாவே இருக்கட்டும். அவரை என்கிட்டயே குடுத்துடுங்க.