சின்னவன் இல்லாத படம்

— ஆளை எடுக்கறது ஒண்ணும் பெரிய வேலை இல்லே முதலாளி. எடுத்த பிறகு அந்த இடத்துல என்னத்த வைக்கறது, அதைச் சொல்லுங்க.

— சுவத்தை வை. பின்னாடி என் ஒர்க்ஷாப் சுவருதானே இருக்கு, அதையே இழுத்து விடு. எந்தப் படத்தையும் சரி பண்ணித் தருவேன்னு உன் ஸ்டூடியோ போர்டுலயே போட்டிருக்கே.

— போர்டுல போடறதெல்லாம் நடக்குதா? 'ஒரே நாளில் ரிப்பேர்'னு நீங்களும்தான் போட்டிருக்கீங்க. என் தண்ணி மோட்டார் உங்ககிட்ட மூணு வாரமாத் தூங்குது.

— நாளைக்கு அனுப்பறேன். பேச்சை மாத்தாதே.

— மாத்தலே. படத்தை இப்படி வெளிச்சத்துல பாருங்க. புது ஸ்கூட்டர் மேல உங்க தம்பி உக்காந்திருக்கார். மூஞ்சி பூரா கிரீஸ். உங்கம்மா முந்தானையால துடைச்சு விடறாங்க. நீங்க பக்கத்துல, வட்டிக்குக் கொடுத்தவர் மாதிரி கையைக் கட்டிக்கிட்டு நிக்கறீங்க.

— வண்டிக்குப் பணம் கட்டினது நான். அப்படித்தான் நிப்பேன்.

— சரி, தம்பியை எடுத்துட்டேன்னே வச்சுக்குங்க. அம்மா யாரைத் துடைப்பாங்க? காத்தைத் துடைச்சுக்கிட்டு நிப்பாங்க. பாக்கறவன் சிரிப்பான்.

— எவனும் பாக்கப் போறதில்லே. எங்கம்மா கட்டிலுக்கு எதிர்ல மாட்டறது. அவங்க மட்டும்தான் பாப்பாங்க.

— அப்போ இன்னும் மோசம்.

— என்னய்யா, ரேட்டை ஏத்தப் பாக்கறியா? நானும் கடை வச்சிருக்கறவன்தான். கஷ்டம் கஷ்டம்னு நாலு தரம் சொல்லிட்டு, அஞ்சாவது தரம் வாயைத் திறந்து விலையைச் சொல்லுவே. நேராச் சொல்லித் தொலை.

— விலையே வேணாம். இந்த வேலையே வேணாம்கறேன். அண்ணன் தம்பின்னா ஆயிரம் இருக்கும். இன்னைக்கு எடுன்னு நிப்பீங்க, நாளைக்குத் திருப்பி வைன்னு ஓடி வருவீங்க.

— வரமாட்டேன்.

— எல்லாரும் இதைத்தான் சொல்றாங்க. ஒரு அம்மா மருமகனை எடுக்கச் சொன்னாங்க. நானும் எடுத்துட்டு அங்கே ஒரு பூந்தொட்டியை வச்சுக் கொடுத்தேன். பேரன் பொறந்ததும் சமாதானமாயிட்டாங்க. இப்போ மருமகன் பூந்தொட்டிக்குப் பின்னாடி எட்டிப் பாத்துக்கிட்டு நிக்கறார்.

— எனக்குச் சிரிப்பு வரலே.

— தெரியுது.

— கதவைக் கொஞ்சம் சாத்து.

— சாத்திட்டேன். சொல்லுங்க.

— சண்டை எல்லாம் ஒண்ணும் இல்லேய்யா. சின்னவன் போயிட்டான். நாலு மாசம் ஆச்சு. அவன் வேலை பாத்த கப்பல்ல இஞ்சின் ரூம்ல தீப்பிடிச்சிருக்கு. ஏதோ ஒரு துறைமுகத்துல அடக்கம் பண்ணிட்டாங்க. நான் மட்டும் போய் ஒரு பிடி மண்ணு போட்டுட்டு வந்தேன். அம்மாகிட்ட, சரக்கு எடுக்கப் போறேன்னு சொல்லிட்டுப் போனேன்.

— ம்.

— எப்படிச் சொல்றது? அவங்களுக்கு இருதயம் பாதிதான் வேலை செய்யுது. அதிர்ச்சியே ஆகாதுங்கறார் டாக்டர். தினம் கடையைச் சாத்திட்டு உள்ளே போவேன். இந்தப் படத்தைப் பாப்பாங்க. 'சின்னவன் போன் பண்ணானா?'ம்பாங்க. 'பண்ணாம்மா, நடுக்கடல்ல இருக்கான், உங்களைக் கேட்டான்'ம்பேன். மறுநாளும் அதே கேள்வி. மறதி வந்துடுச்சு, நேத்து சொன்னது இன்னைக்கு நிக்கறதில்லே. படத்தைப் பாத்ததும் அவன் நினைப்பு மட்டும் வந்துடுது. நேத்து, 'வேற என்ன சொன்னான்?'னு கேட்டுட்டாங்க. கடைச் சாவியைத் தேடற மாதிரி வெளியே வந்துட்டேன்.

— படத்தையே கழட்டிடலாமே?

— 'படம் எங்கே?'ம்பாங்க. படம் இருக்கணும், அவன் இருக்கக் கூடாது. சுவரு ஒத்து வரலேன்னா ஒண்ணு பண்ணு. அவன் மூஞ்சி மேல என் மூஞ்சியை வை.

— அப்போ பக்கத்துல கையைக் கட்டிக்கிட்டு நிக்கற நீங்க?

— அந்த நிக்கறவனைத் தூக்கிக் கடாசு. அவன் இருந்து யாருக்கு என்ன? என் மூஞ்சியை ஒரு நாளும் துடைச்சதில்லேய்யா அவங்க. பெரியவன் தானே துடைச்சுக்குவான்னு விட்டுட்டாங்க.

— கொஞ்சம் தண்ணி குடிங்க.

— தண்ணி கிடக்கட்டும். செய்வியா, மாட்டியா?

— மாட்டேன்.

— சரி, ஊர்ல நீ ஒருத்தன்தான் ஸ்டூடியோ வச்சிருக்கியா? கொடு படத்தை.

— உக்காருங்க முதலாளி. ஒருத்தருக்கு வாக்குக் கொடுத்திருக்கேன். அதை மீற வைக்கறீங்க.

— யாருக்கு?

— உங்கம்மாவுக்குத்தான். போன மாசம் பக்கத்து வீட்டம்மா கையைப் பிடிச்சுக்கிட்டு வந்தாங்க. இதே படம். சின்னவர் மூஞ்சியை மட்டும் தனியாப் பண்ணிக் கேட்டாங்க, தலையணை உறைக்குள்ள வைக்கற அளவுக்கு.

— வெளியூர்ல இருக்கற பிள்ளை. ஆசையாக் கேட்டிருப்பாங்க.

— கப்பல் கம்பெனிக்காரன் முதல்ல வீட்டு நம்பருக்குத்தான் கூப்பிட்டிருக்கான். எடுத்தது அவங்க. அதுக்கப்புறம்தான் உங்களுக்கு வந்திருக்கு.

— என்னய்யா சொல்றே? அப்போ நான் சரக்கு எடுக்கப் போறேன்னு கிளம்பறப்ப... பாத்துப் போய்ட்டு வாடான்னாங்களே.

— ஆமா.

— உனக்கும் எல்லாம் தெரியும். தெரிஞ்சுக்கிட்டா இவ்வளவு நேரம் பூந்தொட்டிக் கதை சொன்னே?

— நீங்களா வாயைத் திறக்காம நான் எப்படிச் சொல்றது?

— இரு, இரு. அப்படின்னா அவங்களுக்கு மறதியே இல்லே.

— இல்லே.

— பின்னே தினம் எதுக்குய்யா கேக்கறாங்க?

— நானும் அதைத்தான் கேட்டேன் முதலாளி. 'பெரியவன் யார் முன்னாடியும் அழ மாட்டான். தம்பி பேசினான்னு சொல்ற அந்த ஒரு நிமிஷம்தான் அவன் மூஞ்சி கொஞ்சம் தெளியுது, அதுக்காகத்தான் கேக்கறேன்'னாங்க.