முப்பத்தேழாவது ரெஃபரன்ஸ்

— சார், கட்டுரையில முதல் ஆசிரியரா என் பேர் வரணும்.

— இதை மட்டும் எங்கிட்ட கேக்காதேன்னு சேர்ந்த அன்னைக்கே சொன்னேனா இல்லையா?

— சொன்னீங்க. மூணு வருஷம் நான் வாயே திறக்கலையே.

— கைடு நான். நீ... கூடமாட உதவி பண்ணே. லைப்ரரி தளத்துல நாலு வார்த்தை தட்டினா மத்தவங்க கட்டுரையெல்லாம் தானா கொட்டுது. அதுக்கு ஒரு பேரா!

— கொட்டினது நாலாயிரம். சலிச்சு எடுத்தது அறுபத்திரண்டு. கண்ணு எரிஞ்சது எனக்கு.

— கடைசியில வர்ற மேற்கோள் பட்டியலைக்கூட அந்த ரெஃபரன்ஸ் சாஃப்ட்வேரே போட்டுடுது. ஒரு பட்டனை அமுக்கினா...

— அமுக்கினது நீங்கதானே.

— என்ன முணுமுணுக்கறே?

— ஒண்ணுமில்ல. நம்ம ரெண்டு பேர் கணக்குக்கும் பொதுவா ஒரு ஃபோல்டர் வச்சேனே, அதுல எதையாவது திறந்து பாத்தீங்களா?

— என்ன கேள்வி இது! அறுபத்திரண்டையும் வரி விடாம படிச்சேன்.

— முப்பத்தேழையுமா?

— அது... எதும்மா?

— பாத்திரம் கழுவுறவங்க கைப்புண்ணு. கையுறைக்குள்ள சோப்புத் தண்ணி தங்கித்தான் தோல் உரியுதுன்னு...

— ஓ, அந்த அம்மாவா! பிரமாதமான ஆய்வு. அதை வச்சுத்தானே நம்ம கட்டுரையே நிக்குது.

— எந்த யுனிவர்சிட்டி சார் அவங்க?

— வெளிநாடு. போன வருஷ மாநாட்டுல பேசினாங்களே. நான் முன் வரிசையில இருந்தேன்.

— அடேங்கப்பா! எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே.

— உங்கிட்ட எதுக்குச் சொல்லணும்? இங்க பாரு, கட்டுரை இன்னும் என் மேசையிலதான் கிடக்கு. அனுப்பறப்போ நன்றிப் பகுதியில உன் பேரைச் சேத்துடறேன்.

— கடைசி வரியிலயா?

— உங்க வீட்டுலயே காலேஜ் வாசலை மிதிச்ச முதல் ஆளு நீ. அதுவே பெருசு. ரொம்ப ஆசைப்படாதே... ஏய், பையை ஏன் எடுக்கறே?

— காலையில லைப்ரரி தளத்துல நம்ம தலைப்பைத் தட்டினேன் சார். முதல்ல வந்து நிக்குது உங்க கட்டுரை. போன வாரமே வெளிவந்தாச்சு. உங்க பேர் மட்டும்.

— அது வந்து... அவசரத்துல... தெரிஞ்சேதான் கேட்டியா?

— இப்பவாவது உண்மை வருதான்னு பாத்தேன்.

— உக்காரு. பேசிக்கலாம்.

— முப்பத்தேழு நான் சும்மா இடம் பிடிச்சு வச்ச பதிவு. அப்படி ஒரு ஆய்வே கிடையாது. திறந்திருந்தா முதல் வரியே 'ஆதாரம் தேடணும், இல்லேன்னா அழிக்கணும்'னு இருந்திருக்கும்.

— கிடையாதா? அப்போ... அந்த அம்மா யாரு?

— எங்கம்மா. ஹாஸ்டல்ல பாத்திரம் கழுவுறாங்க, கைநாட்டு. அவங்க பேரைப் போட்டு, அவங்க சொன்னதைத்தான் எழுதி வச்சேன். கட்டுரையைப் போட்ட பத்திரிகைக்கும் தெரிவிச்சாச்சு, கைடை மாத்தச் சொல்லியும் எழுதிக் குடுத்தாச்சு. மாநாட்டுல முன் வரிசையில உக்காந்து கேட்டீங்கன்னு வீட்டுல சொல்றேன், சிரிப்பாங்க. போயிட்டு வரேன்னு சொல்ல மாட்டேன் சார். போறேன்.